திருகோணமலைப் பார்வையாளர் நிலையத்தில் தொடுதிரை அமைக்கும் முறை

கடற்காற்றின் உப்பீரம் மின் இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், தூசும் ஈரமும் புகாத உறையுள்ள தொடுதிரையையே தெரிவுசெய்து, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கையெட்டும் உயரத்தில், யன்னல் வெளிச்சம் படாதவாறு சற்றுச் சாய்வாகப் பொருத்த வேண்டும்.

திருகோணமலையிலுள்ள பிரெட்ரிக் கோட்டையின் வரலாற்றை நீண்ட பந்திகளாகத் திரையில் நிரப்புவதை விட, கீழே ஒரு காலக்கோட்டை வரைந்து, 1782ஆம் ஆண்டின் மீது விரலை நகர்த்தும்போது ஒல்லாந்தர் கொடி இறங்கி, சனவரியில் ஆங்கிலேயர் கொடியும் ஆகஸ்டில் பிரெஞ்சுக் கொடியும் ஏறுவதைக் காட்டினால், சிறுவர்கூட அவ்வாண்டை மறக்கமாட்டார்கள். தமிழ் வாசகங்களைப் பிறமொழியிலிருந்து பெயர்க்காமல் தமிழிலேயே எழுதுவது மிக முக்கியம். நம் பிள்ளைகள் தடுக்கி விழாமல் வாசிக்க வேண்டுமல்லவா? ஒலி விளக்கத்துடன் எழுத்தும் ஓட வேண்டும். ஒரு நிமிடம் எவரும் தொடாவிட்டால், திரை தானாகவே மொழித் தெரிவுப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வியர்த்த விரலைத் திரை சரியாக உணராது; ஆகவே அருகில் ஒரு துணியை வைத்து, நாள்தோறும் காலையில் திரையைத் துடைக்க வேண்டும்.