வீட்டுத் தோட்டத்தில் சூரியகாந்தி: விதை வாங்குவது முதல் விதை எடுப்பது வரை

சூரியகாந்தியை முளைக்க வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. விதை பெரியது, கையால் எடுத்து ஊன்றலாம், ஒரு வாரத்தில் தலை நீட்டிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆளுயரம் வளர வேண்டிய செடி முழங்கால் உயரத்திலேயே மொட்டு விடும். தண்டு மெலிந்து சாயும். கொண்டை, அதாவது விதை பிடிக்கும் பூத்தலை, பெரிதாக விரிந்தும் உள்ளே விதையெல்லாம் பொக்காக இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை விதை வாங்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் நடந்த தவறுகளின் விளைவு. மொட்டு வந்த பிறகு உரத்தைக் கொட்டிச் சரிசெய்ய முடியாது.

முதலில் ரகம்

எதற்காக வளர்க்கிறோம் என்பதை முடிவு செய்த பிறகே விதை வாங்குங்கள். ஒற்றைத்தண்டு ரகம் ஒரு செடிக்கு ஒரே பூவைத் தரும். 55 முதல் 75 நாளில் பூத்து முடிந்துவிடும். ஜாடியில் வைக்க இதுதான் சரி. கிளைக்கும் ரகத்தில் பூ சற்றுச் சிறியது, ஆனால் பல வாரங்களுக்கு மாறி மாறிப் பூக்கும். தோட்டம் நிறைந்து தெரிய வேண்டுமானால் இதை எடுங்கள். குட்டை ரகங்கள் 60 செ.மீ.க்குள் நின்றுவிடும், தொட்டிக்கு ஏற்றவை. 2 மீட்டருக்கு மேல் போகும் ராட்சத ரகங்களைத் தரையில் மட்டும் வளர்ப்பது நல்லது.

பாக்கெட்டில் இன்னொன்றையும் பாருங்கள்: மகரந்தம் இல்லாத ரகமா? பூவியாபாரத்துக்காக உருவாக்கப்பட்ட பல கலப்பினங்களில் மகரந்தமே இருக்காது. மேஜைத் துணியில் மஞ்சள் பொடி கொட்டாது என்பது அவற்றின் சிறப்பு. பக்கத்தில் மகரந்தம் உள்ள வேறு சூரியகாந்தி இல்லாவிட்டால் அவற்றில் விதை பிடிக்காது. கொறிக்க விதை வேண்டுமென்றால் வரி போட்ட பெரிய விதை தரும் ரகத்தைத் தேடுங்கள். சிறிய கறுப்பு விதை எண்ணெய்க்கானது. ஓடு மெல்லியதாக இருப்பதால் பறவைகளுக்கும் பிடிக்கும்.

பறவைத் தீவனமாக விற்கும் விதை வறுக்கப்படாமல் இருந்தால் முளைக்கும். என்ன ரகம் என்பது பூத்த பிறகுதான் தெரியும். இன்னொரு விஷயம், செடியிலிருந்து அப்போதுதான் எடுத்த விதைக்குச் சில வாரங்கள் உறக்க காலம் உண்டு. உடனே ஊன்றிவிட்டு, முளைக்கவில்லையே என்று விதையைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு மாதம் உலர வைத்துவிட்டு ஊன்றினால் முளைத்துவிடும்.

இடமும் திசையும்

நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். 8 மணி நேரம் இருந்தால் இன்னும் நல்லது. வெயில் குறைந்த இடத்தில் செடி ஒளியைத் தேடி நீளும். அப்போது தண்டு மெலியும், பூவும் சிறுக்கும். இதற்கு எந்த உரமும் மாற்று இல்லை.

திசை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இளம் செடியின் நுனி பகலில் கிழக்கிலிருந்து மேற்கே திரும்புவதற்குக் காரணம், தண்டின் கிழக்குப் பக்கம் பகலில் வேகமாக வளர்வதுதான். இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து நுனியை மறுபடி கிழக்கே கொண்டுவந்துவிடும். பூ விரியும் சமயத்தில் தண்டின் வளர்ச்சி நின்றுபோவதால் இந்த ஆட்டமும் நின்று, கொண்டை கிழக்கு நோக்கி நிலைத்துவிடுகிறது. காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்பதால் செடிக்கு இது லாபம். உங்களுக்கு? நீங்கள் உட்காரும் இடத்துக்கு மேற்கே செடியை வைத்தால் பூவின் முகம் தெரியும். கிழக்கே வைத்தால் முதுகுதான்.

மண்

சூரியகாந்திக்கு ஆணிவேர். இடைஞ்சல் இல்லாமல் அது கீழே இறங்க வேண்டும் என்பதால் 45 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கட்டிகளை உடைத்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ மக்கிய தொழு உரமோ கம்போஸ்டோ கலந்தால் போதும். மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6 முதல் 7.5 வரை ஏற்கும், மண் வகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நீர் தேங்குவதை மட்டும் இந்தச் செடி பொறுக்காது. ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். 4 மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் பாத்தியை அரையடி உயர்த்திக் கட்டுங்கள்.

தொட்டியானால் குட்டை ரகத்துக்கு 12 அங்குல ஆழம், ஒரு மீட்டர் வளரும் ரகத்துக்கு 15 அங்குல அகலமும் ஆழமும். தோட்ட மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு என்பது நம்பகமான கலவை. மண் களியாக இருந்தால் ஒரு பங்கு மணல் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு செடி. மூன்று செடி வைத்தால் மூன்றும் குச்சியாகத்தான் நிற்கும்.

விதைப்பு

விதையை நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். ட்ரேயில் நாற்று விட்டுப் பிடுங்கி நடும்போது ஆணிவேர் முறிகிறது. முறிந்த செடி சாகாது. ஆனால் முடங்கி, குட்டையாகவே இருந்து அவசரமாகப் பூத்துவிடும். முழங்கால் உயரத்தில் மொட்டு வருவதற்கு இது முக்கியக் காரணம். நாற்று விட்டே ஆக வேண்டுமென்றால் காகிதக் கோப்பையில் விட்டு, விதையிலிருந்து முதலில் விரியும் வித்திலைகளுக்கு அடுத்து முதல் ஜோடி நிஜ இலை வந்ததும் அடிப்பக்கத்தைக் கிழித்துக் கோப்பையோடு நடுங்கள். அதற்கு மேல் தாமதித்தால் வேர் சுருண்டுவிடும்.

2 முதல் 3 செ.மீ. ஆழம், ஒரு குழிக்கு 2 விதை. கூர்முனையிலிருந்துதான் வேர் வரும், ஆகவே அதைக் கீழ்நோக்கி வையுங்கள்; படுக்க வைத்தாலும் பாதகமில்லை. ஊறவைப்பது கட்டாயம் இல்லை. வைப்பதானால் 6 மணி நேரம் போதும், ஒரு நாள் முழுக்க விட்டால் அழுகத் தொடங்கும். மண் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் 5 முதல் 10 நாளில் முளைக்கும்.

சில நாற்றுகள் விதை ஓட்டைத் தொப்பிபோல் மாட்டிக்கொண்டே வெளியே வரும். மேலோட்டமாக ஊன்றியதோ மேல்மண் காய்ந்ததோ காரணம். மண்ணில் உரசி ஓடு கழன்றிருக்க வேண்டும். இழுத்தால் வித்திலையும் சேர்ந்து பிய்ந்துவிடும். ஓட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கழித்து விரல் நுனியால் இரு பக்கமும் மெல்ல அழுத்துங்கள். ஓடு பிளந்து வழுக்கிக்கொண்டு வரும்.

முதல் இரண்டு வாரம் நாற்றின் எதிரிகள் பறவை, அணில், நத்தை. அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை மூடியைக் கழற்றிவிட்டு நாற்றின்மேல் கவிழ்த்து வையுங்கள், வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்; அல்லது வலை கட்டுங்கள். நாற்று ஒரு சாண் உயரம் வந்தால் ஆபத்து பெருமளவு தீர்ந்தது.

இரண்டு ஜோடி நிஜ இலை வந்ததும் குழிக்கு ஒரு செடியாகக் கலைத்துவிடுங்கள். வேண்டாததைப் பிடுங்காமல் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டுங்கள், பக்கத்துச் செடியின் வேர் அசையாது. இடைவெளி: குட்டை ரகம் 25 செ.மீ., கிளைக்கும் ரகம் 45, ராட்சத ரகம் 60. ஒற்றைத்தண்டு ரகத்தை 15 செ.மீ.யில் நெருக்கி நட்டால் ஜாடிக்குப் பொருத்தமான சிறிய பூக்கள் கிடைக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பூ தொடர்ந்து இருக்கும்.

நீர், உரம், முட்டு

வேர் இறங்கிய பிறகு தினம் கொஞ்சம் தெளிப்பதை நிறுத்துங்கள். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும். பலமாகக் காற்றடித்தால் அப்படிப்பட்ட செடிதான் முதலில் விழும். விரலை 5 செ.மீ. விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஆழமாக நனையும்படி விடுங்கள். உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி வாளியைத் தூக்க வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் செடிக்குக் குறை ஒன்றும் இல்லை. காலையிலும் தொங்கினால்தான் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். மொட்டு தெரிந்ததிலிருந்து விதை முற்றும் வரை மட்டும் வறட்சி காட்டக்கூடாது. பூ அளவும் விதையின் கனமும் அப்போதுதான் முடிவாகின்றன.

உரத்தில் கை தாராளமாக இருப்பதே பெரிய கேடு. தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாக அகலும், தண்டு சோகையாகும், மொட்டு தள்ளிப்போகும். யூரியா வேண்டாம். அடியுரம் போட்ட பாத்தியில் 30ஆம் நாள் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். கொண்டை கோணலாகவும் இளம் இலை தடித்துச் சுருங்கியும் வந்தால் போரான் என்ற நுண்சத்து குறைவாக இருக்கலாம். இதழ் விரியத் தொடங்கும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் கரைத்து ஒரே ஒரு முறை கொண்டையில் தெளிப்பார்கள். அறிகுறி இல்லாமல் தெளிக்காதீர்கள், போரான் கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.

செடி ஓர் அடி வந்ததும் அடித்தண்டுக்கு மண் அணையுங்கள். உயர ரகங்களுக்கு ஊன்றுகோலை விதைக்கும்போதே நட்டுவிடுவது புத்திசாலித்தனம். பிறகு குத்தினால் வேரில் இறங்கும். பழைய துணிப் பட்டையால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியோ நைலான் கயிறோ தடிக்கும் தண்டை அறுத்துவிடும்.

கிளைக்கும் ரகத்தில் நாலைந்து ஜோடி இலை வந்தபின் நுனியைக் கிள்ளினால் பூ கூடும். ஒற்றைத்தண்டு ரகத்தில் கிள்ளினால் உள்ள ஒரு பூவும் போச்சு.

பூச்சியும் நோயும்

இலையின் அடியில் அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி வரும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சியடியுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். விரிந்த பூவின்மேல் எதையும் பூச்சிக்காகத் தெளிக்காதீர்கள், தேனீக்களை இழப்பீர்கள். கொண்டையில் இதழுக்கடியில் ஒளிந்து இளம் விதையைத் தின்னும் பச்சைப்புழுவை மாலையில் தேடிப் பொறுக்குவதே சுலபம்.

அடியிலைகளில் பழுப்பு வட்டங்கள் வந்தால் இலைப்புள்ளி நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, தண்ணீரை இனி வேரில் மட்டும் விடுங்கள். துரு நோய்க்கும் சாம்பல் நோய்க்கும் இதே வைத்தியம், கூடவே காற்றோட்டமான இடைவெளி. இலையும் நுனியும் முறுக்கிக்கொண்டு கருகும் செடிக்கு வைரஸ் பிடித்திருக்கலாம், இலைப்பேன் பரப்புவது. வைத்தியம் கிடையாது, பிடுங்கி எறியுங்கள்.

மகரந்தம் சேர்ப்பதும் அறுவடையும்

ஒரு பூ என்று நாம் சொல்வது உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்த கொண்டை. சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் மலட்டுப் பூக்கள், நடுவிலுள்ளவையே விதையாகின்றன. அவை விளிம்பில் தொடங்கி உள்நோக்கி வளையம் வளையமாக ஒரு வாரத்துக்கு மேல் விரியும். தேனீ குறைவான மாடித் தோட்டத்தில் காலை 9 முதல் 11 மணிக்குள் மெல்லிய துணியால் ஒரு கொண்டையை லேசாக ஒற்றி, அதே துணியால் அடுத்த செடியின் கொண்டையை ஒற்றுங்கள். பல ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அதனால் இரண்டு செடியாவது ஒரே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். ஒரு நாள் செய்தால் ஒரு வளையம்தான் பிடிக்கும்; ஒருநாள் விட்டு ஒருநாள், உள்வட்டம் விரியும் வரை தொடருங்கள்.

ஜாடிக்கு என்றால் இதழ்கள் நிமிரத் தொடங்கும்போதே அதிகாலையில் வெட்டி, அடியிலைகளை நீக்கி உடனே தண்ணீரில் வையுங்கள்.

விதைக்கு என்றால் பொறுமை வேண்டும். கொண்டையின் பின்புறம் பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளாகி, பிறகு பழுப்பேறும். தலை கவிழ்வது இயல்பு, முட்டுக் கொடுத்து நிமிர்த்தாதீர்கள். மேல்நோக்கி நின்றால் மழைநீர் தேங்கி அழுகிவிடும். இந்த நாட்களில் கிளிக்கும் அணிலுக்கும் தப்ப மெல்லிய துணிப்பையால் கொண்டையை மூடிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பின்புறம் மஞ்சளானதும் ஓரடித் தண்டோடு வெட்டி, நிழலில் காற்றோட்டமாகத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் கட்டைவிரலால் தேய்த்தாலே விதை உதிரும். பல்லில் கடித்தால் நசுங்காமல் பட்டென்று உடைய வேண்டும். அதுவரை டப்பாவில் அடைக்காதீர்கள்.

மறுபடி விதைக்க எடுத்து வைப்பதானால் நாட்டு ரகமாக இருக்கட்டும். கலப்பின விதையில் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல் வராது. காய்ந்த தண்டையும் விதை ஓட்டையும் அதே பாத்தியில் மூடாக்காகப் போடாமல் கம்போஸ்ட் குழிக்கு அனுப்புங்கள். அவற்றிலிருந்து கசியும் பொருட்கள் மற்ற விதைகள் முளைப்பதைத் தடுக்கும். அடுத்த பருவத்தில் அந்த இடத்தில் சூரியகாந்தி வேண்டாம், அவரை வகை ஏதாவது போடுங்கள்.