பழைய பி.எஸ்.பி.க்குக் கஸ்டம் ஃபர்ம்வேர்: முதல்ல பேட்டரியைப் பாருங்க

பி.எஸ்.பி.ங்கிறது சோனியோட கையில புடிச்சு ஆடற கேம் மெஷின். அதுல சோனி போட்ட சாஃப்ட்வேரை வேறவங்க மாத்தி எழுதினதுதான் கஸ்டம் ஃபர்ம்வேர். அதை ஏத்துற வேலை டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கு முன்னாடி பேட்டரி, கார்டு, கரண்ட்டுன்னு மூணு இருக்குது. பசங்க மாட்டிக்கிறது எல்லாம் அதுலதான்.

தண்டையார்பேட்டையில நான் மொபைல் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். டிஸ்ப்ளே, சார்ஜிங் பின், இதான் பொழப்பு. நடுவுல பர்மா பஜார்ல வாங்கினது, வீட்டுப் பரண்ல கிடந்தது, துபாய்ல இருந்து மாமா எப்பவோ கொண்டாந்ததுன்னு பி.எஸ்.பி.யைத் தூக்கிட்டு "யக்கா, இத்த ஹேக் பண்ணிக் குடுக்கா"ன்னு வந்து நிப்பாங்க. நீங்களே பண்ணிக்கலாம், அதுக்குத்தான் இதை எழுதறேன்.

கையில இருக்கிறது எந்த மாடல்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. தடியா, கனமா இருந்தா 1000. ஒல்லியா இருந்தா 2000 இல்லன்னா 3000. ஸ்கிரீனுக்குக் கீழ சின்னதா ஒரு மைக் ஓட்டை தெரிஞ்சா அது 3000. ஸ்கிரீன் மேல நகர்ந்து உள்ள பட்டன் வந்தா கோ. வைஃபையே இல்லாம ஒத்த ஸ்பீக்கரோட இருந்தா ஈ-1000. இன்னா பெரிய வித்தியாசம்னு கேக்காதீங்க, கடைசியில நிரந்தரமா ஏத்தலாமா வேணாமான்னு முடிவு பண்றப்ப இதுதான் பேசும்.

அடுத்தது பேட்டரி. 1000, 2000, 3000-ல கழட்டிப் பாத்துடலாம். மேசை மேல வெச்சு விரலால ஒரு ஓரத்தை அழுத்துங்க. ஆடுச்சுன்னா உப்பியிருக்குன்னு அர்த்தம். பின்மூடி சரியா மூடலன்னாலும் அதேதான். உப்பின பேட்டரியைக் குத்தாதீங்க, அமுக்கி மூடாதீங்க, சார்ஜும் போடாதீங்க. புதுசு வாங்கறப்ப மாடலைச் சொல்லி வாங்குங்க. 1000-க்கு வர்றது 1800 எம்.ஏ.எச்., 2000-க்கும் 3000-க்கும் வர்றது 1200. ஒல்லி மெஷினுக்கான பேட்டரி மேல 3600-னு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருந்தா நம்பாதீங்க. அந்தச் சைஸுக்குள்ள அவ்ளோ அடங்காது.

"பேட்டரி இல்லாம சார்ஜர்லயே ஓட்டிக்கிறேனே"ன்னு கேப்பீங்க. கேம் ஓடும், ஆனா சோனியோட அப்டேட் ஓடாது. அது சார்ஜரும் சொருகியிருக்கணும், பேட்டரியிலயும் போதுமான சார்ஜ் இருக்கணும்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கும். எழுதறப்ப நடுவுல கரண்ட் போச்சுன்னா மெஷின் செத்துடும்னு அவனுக்கும் தெரியும். நம்ம ஏரியாவுல மே மாசம் ராத்திரி எப்ப கரண்ட் போகும்னு யாருக்குத் தெரியும்? அதனால ஃபுல் சார்ஜ் ஏத்திட்டு, பகல்ல உக்காந்து பண்ணுங்க.

சார்ஜர்ல ஒரே ஒரு விஷயம். பின் உள்ள ஏறுதுங்கிறதுக்காகக் கையில கிடைச்ச அடாப்டரைச் சொருகாதீங்க. அவுட்புட் 5 வோல்ட்னு போட்டிருக்கணும். 9, 12-ன்னு இருந்தா தூரப் போடுங்க.

பி.எஸ்.பி.க்கான கார்டு பேரு மெமரி ஸ்டிக் ப்ரோ டுயோ, அது ஒரிஜினலா இப்ப தேடிப் புடிக்கிறது கஷ்டம். மைக்ரோ எஸ்.டி.யைச் சொருகுற அடாப்டரே போதும், விலையும் கம்மி. அதுக்குள்ள போடற கார்டு மட்டும் நல்லதா இருக்கட்டும். பிளாட்பாரத்துல 128 ஜி.பி.ன்னு குடுக்கிற கார்டுல நெஜமா 8 ஜி.பி. இருக்கும், அதுக்கு மேல எழுதினதெல்லாம் மாயமாப் போயிடும். கம்ப்யூட்டர் இருந்தா எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சோதனை சாஃப்ட்வேரைப் போட்டு முழுசா எழுதிப் படிக்க வெச்சுப் பாருங்க. அப்புறம் பி.எஸ்.பி.யிலயே செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபார்மட் மெமரி ஸ்டிக். கம்ப்யூட்டர்ல ஃபார்மட் பண்ணா 32 ஜி.பி.க்கு மேல உள்ள கார்டை அது எக்ஸ்ஃபேட்ங்கிற வேற ஃபார்மட்டுக்குத் தள்ளும், பி.எஸ்.பி.க்கு அது புரியாது. மெஷினுக்குள்ளயே பண்ணிட்டா அந்தத் தொல்லை இல்ல, தேவையான ஃபோல்டர்களும் தானா வந்துடும்.

கார்டைப் போட்டும் எடுத்துக்கலன்னா உடனே கார்டைத் திட்டாதீங்க. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல்காத்துல பல வருஷம் கிடந்த மெஷின்ல ஸ்லாட் பின்னுங்க பச்சை பூத்துப் போயிருக்கும். மிருதுவான பிரஷ்ல ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் தேச்சு, நல்லாக் காய விட்டுப் போடுங்க. எங்க கடைக்கு "கார்டு ஸ்லாட் போச்சு"ன்னு வர்றதுல பாதி இப்படியே சரியாயிடும்.

கேபிள் மினி யு.எஸ்.பி., மைக்ரோ இல்ல. பழைய டிஜிட்டல் கேமராவோட வந்தது வீட்ல எங்கயாவது சுருண்டு கிடக்கும், தேடுங்க. கோ-வுக்கு மட்டும் தனி கேபிள். கம்ப்யூட்டரே இல்லாதவங்க, மைக்ரோ எஸ்.டி.யை ஃபோன்ல சொருகுற ஓ.டி.ஜி. கார்டு ரீடர்ல போட்டு ஃபோன்லயே ஜிப்பைப் பிரிச்சுக் காப்பி பண்ணலாம். நம்ம பசங்க பெரும்பாலும் அப்படித்தான் பண்றாங்க.

இனிமேதான் சாஃப்ட்வேர். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போய் வெர்ஷன் பாருங்க. 6.60 இல்லன்னா 6.61 இருந்தா அப்டேட் பண்ண வேண்டியதில்ல. 6.61 தான் சோனி கடைசியா விட்டது, 2015-ல. நம்பருக்குப் பக்கத்துலயே ப்ரோ, எம்.ஈ., ஆர்க்னு ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்தா ஏற்கனவே எவனோ கஸ்டம் ஃபர்ம்வேர் ஏத்தி வெச்சிருக்கான். பஜார்ல வாங்கினதுல அது சகஜம். கேம் ஒழுங்கா ஓடுதுன்னா அப்படியே விட்டுடுங்க.

அதுக்குக் கீழ்வெர்ஷன்னா 6.61 அப்டேட் ஃபைலை இறக்குங்க. கோ-வுக்கு வேற ஃபைல், அதை மத்த மாடலுக்குப் போடக்கூடாது. கார்டுல பி.எஸ்.பி. ஃபோல்டர், அதுக்குள்ள கேம், அதுக்குள்ள அப்டேட்னு ஒரு ஃபோல்டர். எல்லாப் பேரும் ஆங்கிலப் பெரிய எழுத்துல இருக்கட்டும். இறக்கின ஃபைலோட பேரு 'இபூட்', அதை மாத்தாம உள்ள போடுங்க. அப்புறம் கேம் மெனுவுல மெமரி ஸ்டிக்கைத் திறந்து ஓட்டுங்க. வைஃபைலயே அப்டேட் பண்ணலாமேன்னு முயற்சி பண்ணாதீங்க. பி.எஸ்.பி.க்கு டபிள்யூ.பி.ஏ.2 தெரியாது, வீட்டு ரவுட்டரோட சேராது.

கஸ்டம் ஃபர்ம்வேர்ல நான் சொல்றது ஆர்க்-4. ஜிப்பைப் பிரிச்சா ரெண்டு ஃபோல்டர் முக்கியம். 'ஆர்க் 01234'ங்கிறது சேவ்டேட்டா ஃபோல்டருக்குள்ள போகணும், 'ஆர்க் லோடர்' கேம் ஃபோல்டருக்குள்ள போகணும். ரெண்டையும் கேமுக்குள்ளயே கொட்டிட்டு "ஓடலக்கா"ன்னு வர்றவங்கதான் ஜாஸ்தி. சரியாப் போட்டுட்டு லோடரை ஓட்டினா ஸ்கிரீன் ஒரு தடவை கறுத்து, மெனு மறுபடி வரும். சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல ஆர்க் பேரு தெரிஞ்சா முடிஞ்சது. எக்ஸ் அமுக்கினா பின்னாடி போகுது, ஓ அமுக்கினாத்தான் உள்ள போகுதுன்னா அது ஜப்பான் மெஷின், பழுதில்ல.

இப்படி ஏத்தறது மெமரியில மட்டும்தான் இருக்கும். பவர் ஸ்விட்சை லேசா மேல தள்ளி விட்டா தூங்கும், ஆர்க் அப்படியே இருக்கும். புடிச்சுக்கிட்டே இருந்தா முழுசா ஆஃப் ஆயிடும். அப்புறம் ஆன் பண்ணி லோடரை மறுபடி ஓட்டணும். நேத்து ஓடின கேம் இன்னைக்கு 80020148-னு எரர் காட்டுச்சுன்னா பெரும்பாலும் இதான் கதை. லோடரை ஓட்டிட்டு மறுபடி பாருங்க.

"ஒவ்வொரு தடவையும் ஓட்டணுமா, நிரந்தரமா ஏத்தலாமே"ன்னு எல்லாருமே கேக்கறாங்க. மெஷின் ஆன் ஆனதும் உள்ள இருக்கிற ஃபிளாஷ்ல இருந்து ஐ.பி.எல்.னு ஒரு சின்ன புரோகிராமைத்தான் முதல்ல எடுக்கும். நிரந்தரம்னா நம்ம கோடு அந்தக் கட்டத்துலயே உள்ள நுழையணும். 1000-லயும் ஆரம்பகால 2000-லயும் ஐ.பி.எல்.லையே மாத்தி எழுதற ஓட்டை இருந்தது. பின்னாடி வந்த 2000-ல இருக்கிற டி.ஏ.-088 வி3 போர்டுல இருந்து சோனி அதை அடைச்சுட்டான். அதுக்கப்புறம் டேவீங்கிற புரோகிராமர் எழுதின இன்ஃபினிட்டிங்கிற சாஃப்ட்வேர் வந்து 3000-க்கும் வழி பண்ணுச்சு. ஆர்க் பாக்கேஜ்லயும் ஐ.பி.எல். ஃபிளாஷர் வருது. உங்க போர்டுக்கு எது பொருந்தும்னு கூடவே வர்ற ரீட்மீயைப் படிக்காம எதையும் ஓட்டாதீங்க.

என்னைக் கேட்டா, 3000-க்குத் தற்காலிகமே நல்லது. காரணம் பண்டோரா. பேட்டரிக்குள்ள ஒரு சீரியல் நம்பர் இருக்கு. அதை முழுக்க எஃப்-ஆ மாத்திட்டா, பழைய போர்டுங்க அதைச் சர்வீஸ் பேட்டரின்னு நினைச்சு ஃபிளாஷை விட்டுட்டு மெமரி ஸ்டிக்ல இருந்து பூட் ஆகும். செத்த 1000-ஐ அப்படித்தான் எழுப்புவோம். 3000 அந்தச் சாதாரண பண்டோராவுக்கு மசியாது. உள்ள எழுதறப்ப ஏதாவது ஆச்சுன்னா தெருவுக்குத் தெரு இருக்கிற எங்களை மாதிரிக் கடையில அதை எழுப்ப முடியாது. லோடரை ஓட்டறது ரெண்டு அமுக்கு, அதுக்குச் சோம்பல்பட்டு மெஷினைப் பணயம் வெக்கணுமா? 1000 வெச்சிருந்தா தாராளமா நிரந்தரம் பண்ணுங்க.

ஏத்தி முடிச்சதும் மெனுவுல செலக்ட் அமுக்கினா ஆர்க்கோட சொந்த மெனு வரும். சி.பி.யு. ஸ்பீடு 333 வரைக்கும் ஏத்தலாம். எமுலேட்டர் (வேற பழைய கேம் மெஷின் கேமை ஓட்டற சாஃப்ட்வேர்) திக்கினா மட்டும் ஏத்துங்க, பேட்டரி சீக்கிரம் இறங்கும்.

அதே மெனுவுல யு.எஸ்.பி. டிவைஸ்னு ஒண்ணு இருக்கு. அதை யு.எம்.டி. டிஸ்க்குன்னு (பி.எஸ்.பி.யோட கேம் டிஸ்க்) மாத்தி, உங்ககிட்ட இருக்கிற டிஸ்க்கைப் போட்டுக் கம்ப்யூட்டரோட சேத்தா, மொத்த கேமும் ஒரே ஐ.எஸ்.ஓ. ஃபைலாத் தெரியும். காப்பி பண்ணி, கார்டுல எல்லாத்துக்கும் வெளிய ஐ.எஸ்.ஓ.ன்னு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வெச்சுடுங்க. டிஸ்க்கே 1.8 ஜி.பி.தான் அதிகபட்சம், இடத்துக்குக் கவலையில்ல. அடுத்தவன் ஏத்தின கேமை இறக்கறது சட்டப்படி திருட்டுதான், அதுக்கு என்கிட்ட லிங்க் கேக்காதீங்க. பஜார்ல பழைய டிஸ்க்குங்க இன்னும் கிடைக்குது. வாங்கறப்ப கண்ணாடி மாதிரி இருக்கிற மூடி பிரியாம இருக்கான்னு பாருங்க. பிரிஞ்சிருந்தா அப்படியே போடாதீங்க. சுத்தி இருக்கிற விளிம்புல கொஞ்சம் பசை வெச்சு ஒட்டிட்டு, காஞ்சதும் ஒரு தடவை காப்பி எடுத்துக்கிட்டு டிஸ்க்கை எடுத்து வெச்சுடுங்க.