குழந்தையின் சைனஸும் மூக்குத் தண்டின் மேல் விழும் பழியும்

குழந்தைக்குச் சளி விடவே இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூக்கின் நடுத்தண்டு (இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர்) லேசாக வளைந்திருக்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, தண்டை நிமிர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். குழந்தைகளின் சைனஸ் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். லேசான வளைவு, சைனஸ் தொல்லையே இல்லாத குழந்தைகளுக்கும் சர்வசாதாரணமாக இருக்கும். அதோடு, வளரும் மூக்கு என்பதால் தண்டு அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் தள்ளித்தான் போடுவார்கள்.

அப்படியானால் சளி எங்கே சிக்கிக்கொள்கிறது? சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். அவற்றில் கன்னத்து எலும்புக்குள் இருக்கும் அறையைப் பாருங்கள். அதன் வாசல் அடியில் இல்லை, கூரையை ஒட்டி இருக்கிறது. அதனால் சளி தானாக வடியாது. உள்சுவரில் உள்ள நுண்முடிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிக் கொண்டுபோய் வாசலில் தள்ள வேண்டும். வாசலின் அகலமோ சில மில்லிமீட்டர்தான். சாதாரண ஜலதோஷத்திலோ ஒவ்வாமையிலோ சவ்வு கொஞ்சம் வீங்கினாலே அது அடைத்துக்கொள்ளும். இங்கே பெரும்பாலும் குற்றவாளி வீக்கம்தான், எலும்பு அல்ல.

அடுத்து, அடினாய்டை மறந்துவிடுவது. மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே இருக்கும் சதை இது. வாயைத் திறந்தால் தெரியாது, அதனாலேயே யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சிறு வயதில் பெரிதாகி, பதின்வயதில் சுருங்கிவிடும். குழந்தை வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கினால், தண்டு வளைவைப் பற்றிக் கேட்பதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அடினாய்டைப் பற்றிக் கேளுங்கள். மருந்துக்கு அடங்காத நாள்பட்ட சைனஸ் தொல்லையில், சின்னக் குழந்தைகளுக்கு முதலில் யோசிக்கும் அறுவை சிகிச்சையும் பெரும்பாலும் அடினாய்டை எடுப்பதுதான்.

மூன்று வயதுக் குழந்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுதால் "நெற்றி சைனஸ்" என்று சொல்வதும் தவறு. பிறக்கும்போது கன்னத்து அறையும் கண்களுக்கு நடுவே உள்ள சிறு அறைகளும்தான் இருக்கும். நெற்றி அறை பள்ளிக்கூட வயதில்தான் மெல்ல உருவாகும்.

சளி பச்சையாகிவிட்டது என்று ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம். ஜலதோஷத்திலேயே நிறம் அப்படி மாறும். சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 தடவை ஜலதோஷம் வருவது இயல்பு. 10 நாளாகியும் கொஞ்சமும் குறையவில்லை, அல்லது குறைந்த மாதிரி இருந்து மறுபடி முற்றுகிறது, அல்லது 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் சீழ்ச்சளியும் சேர்ந்து மூன்று நாள் தொடர்கிறது என்றால்தான் பாக்டீரியா சைனசைட்டிஸ் (பாக்டீரியாவால் வரும் சைனஸ் அழற்சி) என்று சந்தேகிப்பார்கள். எக்ஸ்ரேயும் அவசரப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை; வெறும் ஜலதோஷத்திலும் அறைகள் மங்கலாகத் தெரியும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், உள்ளே மணியோ பஞ்சோ போட்டுக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரேயை நடுத்தண்டை நோக்கி அடிப்பது இன்னொரு தவறு. தண்டு புண்ணாகி ரத்தம் வரும், மருந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. வலது மூக்குத் துவாரத்தில் அடிக்கும்போது நுனி வலது காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இடதுக்கு இடது. அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது. தொடர்ந்து போட்டால் அடைப்பு முன்னைவிட அதிகமாகும். சலைன் (உப்புநீர்) சொட்டு பாதுகாப்பானது.

ஒன்றே ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்கும் பக்கத்துச் சைனஸ் அறைகளுக்கும் நடுவே இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்பு. சளியோடு இமை வீங்கிச் சிவந்தால், கண்ணை அசைக்க வலித்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், விடாத தலைவலியும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.