ஸ்டென்ட், வால்வுக்கு உலோகம் சேர்த்த நானோ பூச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூச்சில் வெள்ளி சேர்த்தோம், பாக்டீரியா செத்தது, ஆகவே இதய உள்வைப்புக்கு ஏற்றது. ஆய்வறிக்கைகளில் அலுக்க அலுக்கப் படிக்கும் முடிவு இது. இந்த அவசரத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்தாயிற்று. செயற்கை வால்வைத் தைத்துப் பொருத்தும் துணி வளையத்தில் வெள்ளி பூசி, 'சில்சோன்' என்ற பெயரில் செயின்ட் ஜூட் மெடிக்கல் விற்றது. தொற்றைத் தடுப்பதுதான் நோக்கம். அதைச் சோதிக்க நடந்த ஆய்விலேயே வால்வின் ஓரமாக இரத்தம் கசிவது அதிகம் என்று தெரிந்தது. 2000 ஜனவரியில் நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது. கிருமிக்கு ஆகாத வெள்ளி, வளையத்தைப் பற்றி வளர வேண்டிய திசுவுக்கும் ஆகவில்லை என்பதே பரவலான விளக்கம்.

அதனால் கிருமியைக் கொல்லும் அதே அளவில் எண்டோதீலியல் செல் (இரத்தக் குழாயின் உள்சுவர் செல்), மென்தசை செல், தட்டணு (இரத்தம் உறைய உதவும் அணு) மூன்றையும் சோதியுங்கள். தாமிரமும் அப்படித்தான்: கொஞ்சமாகக் கசிந்தால் இரத்தத்திலுள்ள நைட்ரோசோதயால் என்ற சேர்மங்களிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை விடுவித்துத் தட்டணு ஒட்டுவதைக் குறைக்கும், கூடினால் செல்லுக்கே நஞ்சு.

அடுத்தது, மேலே ஒட்டியிருக்கும் துகளை 'டோப்பிங்' (படிக அமைப்புக்குள் வேறு தனிமத்தைச் சேர்ப்பது) என்று எழுதுவது. எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று காட்டும் இடிஎஸ் படத்தில் துத்தநாகம் தெரிந்தால், அது அங்கே இருக்கிறது என்று மட்டுமே பொருள். படிக அமைப்புக்குள் போயிற்றா என்பதற்கு எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை), எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்புத் தனிமங்களின் வேதி நிலையைக் காட்டுவது) இரண்டும் வேண்டும். வெறுமனே ஒட்டியது முதல் நாளிலேயே பெருமளவு கரைந்துபோகலாம். ஆகவே உலோகக் கசிவை ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு நிறுத்தக் கூடாது.

டைட்டானியத்துக்கு எழுதிய செய்முறையை அப்படியே நிட்டினாலுக்கு (நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகம்) போடுவது இன்னொரு வினை. அனோடைசிங்கில் (மின்சாரம் செலுத்தி உலோகத்தின் மேல் ஆக்சைடு வளர்ப்பது) வளரும் டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) நானோ குழாய்கள் முதலில் படிகமாக இருப்பதில்லை. அனடேஸ் என்ற படிக வடிவமாக மாற்ற வழக்கமாக 450 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றுவார்கள். நிட்டினாலை அந்தச் சூட்டில் வைத்தால் அதன் உருமாற்ற வெப்பநிலையே (சுருக்கிய வடிவத்திலிருந்து பழைய வடிவத்துக்கு மீளும் சூடு) நகர்ந்துவிடும். அப்புறம் உடல் சூட்டில் ஸ்டென்ட் சரியாக விரியுமா? நிக்கல் கசிவையும் தனியாக அளக்க வேண்டியிருக்கும்.

தட்டையான தகட்டில் அழகாக நிற்கும் பூச்சு, பலூனில் சுருக்கி விரித்ததும் வெடிக்கலாம். எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) நேரான கம்பியைப் படம் பிடித்துவிட்டு நகராதீர்கள். அதிகம் வளைகிற திருப்பங்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்குவது) வைத்த பிறகும் ஒரு முறை.

ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடையும் அளவு) 2 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் சிவப்பணு உடையவில்லை, அவ்வளவுதான். உறைதலும் தட்டணுவும் வேறு சோதனைகள். முடிந்தால் ஓடும் இரத்தத்தில் செய்யுங்கள். ஒப்பீட்டுக்கு வெறும் உலோகம் மட்டும் போதாது. உலோகம் சேர்க்காத நானோ குழாயையும் வையுங்கள். இல்லாவிட்டால் வேலை செய்தது குழாயா, உலோகமா என்று ஆய்விதழ் நடுவர் கேட்கும்போது சொல்ல எதுவும் இருக்காது.