பெரிய டிராவல் டிரெய்லர் இழுக்க வண்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் டிரக் விளம்பரங்களில் எப்போதும் கொட்டை எழுத்தில் இருப்பது இழுவைத் திறன். 11,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 5,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். நாம் பார்த்து வைத்திருக்கும் டிராவல் டிரெய்லரோ, அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணம் போகும் இழுவை வீடோ, 3,400 கிலோதான். அப்புறம் என்ன, வாங்கிவிடலாம் என்று தோன்றும். விற்பனையாளரும் தலையாட்டுவார். அவர் சொல்லும் எண் பொய்யில்லை. ஆனால் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டிக்கு அந்த எண் பொருந்தாது. 25, 30 அடி டிராவல் டிரெய்லரை இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது பேலோடு, அதாவது வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடை.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கா, கனடா சாலைகளில் ஓடும், வண்டியின் பின்பக்கம் இருக்கும் ஹிட்ச் பந்தில் (டிரெய்லரைப் பூட்டும் உருண்டை) மாட்டி இழுக்கும் பெரிய டிரெய்லர்களுக்கு. ஐரோப்பிய கேரவன்கள் எடை குறைந்தவை. அவற்றுக்கான விதிகளும் கணக்கும் வேறு.

இழுவைத் திறனை மட்டும் பார்ப்பது

டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். பெரிய டிரெய்லர்களுக்கு 12, 13 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இந்த எடையை வண்டி இழுப்பதில்லை, சுமக்கிறது. அதனால் இது பேலோடு கணக்கில்தான் சேரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்தில் பார்த்த அதே 5,000 கிலோ இழுக்கும் பிக்கப், பேலோடு 700 கிலோ. சாமான் ஏற்றிய டிரெய்லர் 3,200 கிலோ. டங் வெயிட் 13 சதவீதம் என்றால் 416 கிலோ. எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் கருவி மட்டும் ஏறக்குறைய 45 கிலோ வரும். மிச்சம் 239 கிலோ. ஓட்டுநரையும் சேர்த்து வண்டியில் நான்கு பேர், மொத்தம் 280 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே 41 கிலோ கூடிவிட்டது. பின்பக்கத் தொட்டியில் ஜெனரேட்டர், சைக்கிள், விறகு எதையும் இன்னும் ஏற்றவில்லை. ஆனால் இழுவைத் திறனைப் பார்த்தால் இன்னும் 1,800 கிலோ பாக்கி இருப்பதாகக் காட்டும்!

பேலோடு எண்ணை விளம்பரக் கையேட்டில் தேடக்கூடாது. அங்கே இருப்பது பெரும்பாலும் அந்த மாடலிலேயே மிக எளிய வடிவத்துக்கான எண். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அது அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரிய எண். பக்கத்தில் அதே நிறத்தில், அதே பெயரில் நிற்கும் வண்டியின் ஸ்டிக்கரில் வேறு எண் இருக்கலாம். கண்ணாடிக் கூரை, சொகுசு இருக்கைகள், நான்கு சக்கர இயக்கம், மின்சாரத்தில் இறங்கும் பக்கப் படி என்று எது சேர்ந்தாலும் அதன் எடை பேலோடில் கழியும். ஒரே மாடலில் விலை கூடக் கூட சுமக்கும் திறன் குறைவது இதனால்தான். கடைக்குப் போனால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைத் திறந்து பார்ப்பது நல்லது.

பின்பக்கம் தாழ்ந்துவிட்டதே என்று சஸ்பென்ஷனில் ஏர் பேக் (காற்றுப் பை), கூடுதல் ஸ்பிரிங் போடுகிறவர்கள் உண்டு. அதனால் வண்டி நேராக நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். பேலோடு ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சில், டயர், பிரேக், அடிச்சட்டம் எல்லாம் பழையவைதானே. எடையைப் பகிரும் ஹிட்ச் விஷயம் கொஞ்சம் வேறு. பின் ஆக்சிலில் குவிந்த எடையில் ஒரு பகுதியை முன் ஆக்சிலுக்கும், கொஞ்சத்தை டிரெய்லரின் ஆக்சில்களுக்கும் அது தள்ளும். பெரிய டிரெய்லருக்கு அது அவசியம். ஆனால் அதைப் போட்டுவிட்டோம், பேலோடு கவலை தீர்ந்தது என்று சொல்ல முடியாது.

சரி, அந்த இழுவைத் திறன் எண் எங்கிருந்து வருகிறது? வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் ஜே2807 என்ற தரவிதி 2008-இல் வெளியானது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளந்துகொண்டிருந்தது. இந்த விதியின் புகழ்பெற்ற சோதனை அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் ஏறும் நெடுஞ்சாலையில் நடப்பது. ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஏற்றம், 38 டிகிரி வெயில், ஏசி முழு வேகத்தில். சாதாரண பிக்கப் 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போகக்கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் இருப்பதாக அது எடுத்துக்கொள்வது தலா 68 கிலோவில் இரண்டே பேர். பிள்ளைகளும் நாயும் அந்தக் கணக்கில் வரவில்லை.

காலி எடையை நம்புவது

டிரெய்லர் விற்கும் இடத்தில் பெரிதாக எழுதியிருப்பது காலி எடை, டிரை வெயிட். அந்த எடையில் யாரும் பயணம் போவதில்லை. பேட்டரியும் நிரப்பிய எரிவாயு உருளைகளும் பல நேரங்களில் அதில் சேராது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 180 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 180 கிலோ ஏறிவிட்டது. பாத்திரம், படுக்கை, நாற்காலி, கருவிப்பெட்டி, துணிமணி, உணவு எல்லாம் சேர்ந்து சில நூறு கிலோ தாராளமாக வரும். காலி டிரெய்லருக்கான டங் வெயிட்டைத்தான் கையேட்டில் போட்டிருப்பார்கள். எரிவாயு உருளைகளும் பேட்டரியும் பல டிரெய்லர்களில் முன்முனையிலேயே இருப்பதால், உண்மையான டங் வெயிட் அதைவிட நிறையவே கூடும்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது டிரெய்லரின் ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணை, அதாவது எல்லாம் ஏற்றிய பிறகு டிரெய்லர் தாண்டக்கூடாத மொத்த எடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 13 சதவீதத்தை டங் வெயிட்டாக வைத்துக் கணக்கிடுங்கள். இதற்காகவே டிரெய்லரை முதலில் முடிவு செய்துவிட்டு வண்டியைத் தேடுவது உத்தமம். முடிந்தால் அடுத்து ஆசைப்படப்போகும் டிரெய்லரையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பின்தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகையில் வண்டி மேல் அழுத்தும் எடை இன்னும் அதிகம், 15 முதல் 25 சதவீதம். இழுவைத் திறனை மட்டும் பார்த்து சாதாரண அரை டன் பிக்கப்பில் (இது ஒரு வகுப்பின் பழைய பெயர்தான், உண்மையான பேலோடு இல்லை) பெரிய ஃபிஃப்த் வீலை மாட்டினால், மேலே போட்ட கணக்கைவிட மோசமாக இடிக்கும்.

குட்டை வண்டிக்குப் பின்னால் நீள டிரெய்லர்

டிரெய்லர் ஆடுவதைப் புரிந்துகொள்ள மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டால் போதும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். டிரெய்லரும் ஆக்சில்களின் மேல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் வளர்ந்து இழுக்கும் வண்டியையே திருப்பிப் போட்டுவிடும். பேலோடு போதவில்லை என்பதற்காக டிரெய்லரின் பின்பக்கத்தில் சாமானை அடுக்கி டங் வெயிட்டைக் குறைப்பது இருப்பதிலேயே ஆபத்தான தந்திரம். பின்பம்பரில் சைக்கிள்களை மாட்டுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

இழுக்கும் வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், வீல்பேஸ், இங்கே நிறைய உதவும். 110 அங்குல வீல்பேஸ் உள்ள வண்டிக்கு 20 அடி டிரெய்லர், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் 4 அங்குலம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி 30 அடி டிரெய்லருக்கு 150 அங்குலம் வேண்டும். இது அறிவியல் விதி இல்லை, அனுபவத்தில் வந்த உத்தேசம்தான். நல்ல ஹிட்ச், சரியான எடைப் பங்கீடு இருந்தால் இதைத் தாண்டியும் சிலர் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். ஆனாலும் நடுத்தர எஸ்யூவி ஒன்றின் பின்னால் 30 அடி டிரெய்லர் என்றால், காகிதத்தில் எல்லா எண்களும் பொருந்தினாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது முதலில் காற்று டிரெய்லரைத் தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் குட்டையான, எடை குறைந்த வண்டி என்ன பாடுபடும் என்பதை எந்த ஸ்டிக்கரும் சொல்லாது.

காற்றையும் மலையையும் மறப்பது

சமதளத்தில், கடை வாசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இழுக்கிறது என்று வாங்குவது வழக்கம். டிராவல் டிரெய்லரின் முகப்பு ஒரு சுவர். இரண்டரை மீட்டர் அகலம், தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் உயரம். இதே எடையில் கட்டுமானப் பொருள் ஏற்றிய தட்டை டிரெய்லர் இதில் பாதிகூடக் காற்றை எதிர்ப்பதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 90-இலிருந்து 110 கிலோமீட்டருக்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. எரிபொருள் அங்கேதான் போகிறது. சில வண்டிகளின் கையேட்டில் டிரெய்லர் முகப்பின் பரப்பளவுக்கே ஒரு வரம்பு இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின், உயரத்தில் காற்று மெலிவதால், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசனோவர் சுரங்கப்பாதை ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். டர்போ எஞ்சின்கள் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். மலைப்பக்கம் போகிறவர்கள் குதிரைத்திறன் எண்ணைவிட இதைக் கவனிக்கலாம்.

ஒரே பெயரில் வரும் இரண்டு பிக்கப்களில் பின் ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 3.31, 3.73 என்று வேறுபட்டால் இழுவைத் திறனும் நிறையவே மாறும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை மாடல் பெயரை வைத்து முடிவு செய்யாமல், அந்த வண்டியின் அடையாள எண்ணை (VIN) வைத்துச் சரிபார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

டீசல் என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. இழுப்பதற்கும், இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கால் (புகை வெளியேறும் வழியை நெருக்கி எஞ்சினையே பிரேக்காக்குவது) வேகத்தைப் பிடித்து நிறுத்துவதற்கும் டீசல் அருமை. ஆனால் டீசல் எஞ்சின் எடை அதிகம். அந்த எடையும் பேலோடில்தான் கழியும். அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகுப்பான முக்கால் டன் டீசல் பிக்கப் ஒன்றின் பேலோடு, அதே பிக்கப்பின் பெட்ரோல் வடிவத்தைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். மின்சாரப் பிக்கப்கள் வேண்டிய அளவு பலத்தோடு இழுக்கும், ஆனால் பெரிய டிரெய்லரை மாட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரம் பாதியாகிவிடும்.

நிறுத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்வது

மூன்று டன் டிரெய்லரை வண்டியின் பிரேக் மட்டும் நிறுத்தக்கூடாது. டிரெய்லரில் எலக்ட்ரிக் பிரேக் இருக்கும். அதை இயக்க வண்டியில் 7 முள் (பின்) மின் இணைப்பும் பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். பல எஸ்யூவிகளில் விளக்குகளுக்கு மட்டுமான 4 முள் இணைப்புதான் வரும். தொழிற்சாலையிலேயே பொருத்திய கன்ட்ரோலர் இருந்தால் சிறப்பு. வெளியே வாங்கினால், வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். விலை குறைந்த, நேரக் கணக்கில் இயங்கும் வகை பெரிய டிரெய்லருக்கு ஏற்றதில்லை. கன்ட்ரோலரின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருக்க வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, அந்தக் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிப்பதுதான் வழி.

ஹிட்சைச் செருகும் சதுரக் குழாயான ரிசீவரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பெரும்பாலும் இரண்டு வரிசை எண்கள் இருக்கும்: எடையைப் பகிரும் ஹிட்ச் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு. இரண்டுக்கும் இடையே இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கக்கூடும். பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு வெறும் பந்தில் மாட்டக்கூடாது. டயரிலும் கார் வகை, லாரி வகை என்று வேறுபாடு உண்டு. பக்கச் சுவர் உறுதியான லாரி வகை டயர்கள் வண்டியின் பின்பக்க அசைவைக் குறைக்கும்.

எடை போடாமல் ஓட்டுவது

இவ்வளவு கணக்கும் உத்தேசம்தான். நெடுஞ்சாலை ஓர லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கும். அங்கே வண்டியின் முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர் ஆக்சில்கள் மூன்றையும் தனித்தனியாக எடை போடலாம். பயணத்துக்குக் கிளம்பும்போது எப்படி இருக்குமோ அப்படியே, ஆட்களும் சாமானும் முழு டேங்க் எரிபொருளுமாக மூன்று முறை ஏறுங்கள். முதலில் ஹிட்சின் எடைப் பகிர்வுக் கம்பிகள் இறுகிய நிலையில், அப்புறம் கம்பிகளைக் கழற்றிவிட்டு, கடைசியாக டிரெய்லரைக் கழற்றி வண்டியை மட்டும். இரண்டாவது முறை வண்டியின் இரு ஆக்சில்களும் காட்டிய எடையிலிருந்து மூன்றாவது முறையின் எடையைக் கழித்தால் உண்மையான டங் வெயிட் கிடைத்துவிடும். கம்பிகள் இல்லாதபோது முன் ஆக்சில் எத்தனை கிலோ இழந்தது, கம்பிகள் அதில் எவ்வளவைத் திருப்பித் தந்தன என்பதும் தெரியும். எவ்வளவு திரும்பி வர வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். அதைவிடக் குறைவாக வந்தால் கம்பிகளைப் பிடித்திருக்கும் ஹிட்ச் சங்கிலியை ஒரு கண்ணி இறுக்கி மாட்டிவிட்டு மறுபடி மேடையில் ஏற்றிப் பாருங்கள்.