புடவைக்குப் பிளவுஸ்: தைக்கக் கொடுக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முப்பது புடவைகளை விரிக்கச் சொல்லிப் பார்த்து ஒன்றை எடுப்போம். அதற்கான பிளவுஸுக்கு ஐந்து நிமிடம்கூட யோசிக்க மாட்டோம். "போன தடவை மாதிரியே தைச்சிடுங்க" என்று தையல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். ஐந்தரை மீட்டர் புடவையை யார் வேண்டுமானாலும் கொசுவத்தைக் கூட்டிக் குறைத்துக் கட்டிக்கொள்ளலாம். நம் உடம்புக்கென்றே வெட்டித் தைப்பது பிளவுஸ் ஒன்றைத்தான். அது சரியாக அமையாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பட்டாக இருந்தாலும் விசேஷம் முடிகிறவரை தோளை இழுத்துவிட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

என் சித்தி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைத்தவர். விடுமுறை நாட்களில் அவருக்கு ஊக்கு கட்டிக் கொடுப்பது என் வேலை. இங்கே நான் சொல்வதில் பாதி அவரிடம் பார்த்துக் கற்றது, மீதி நானே துணியைப் பாழாக்கிக் கற்றது.

முதல் தவறு நிறத்தில் நடக்கிறது. என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு அரக்கு நிறப் பட்டு எடுத்திருந்தேன். அதோடு வந்த துணி பிடிக்காமல், இரவு ஏழு மணிக்கு மேட்சிங் சென்டர் ஒன்றில் போட்டோவைக் காட்டித் துணி வாங்கினேன். கடை விளக்கில் அச்சு அசலாக இருந்தது. மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் பிளவுஸ் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. புடவை பட்டு, பிளவுஸ் துணி பாலியஸ்டர். இரண்டுக்கும் போடும் சாயம் வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். போன் கேமராவோ நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். அதனால் புடவையையே கையில் எடுத்துப் போங்கள், பகலில் போங்கள், இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். புடவையைத் தூக்கிச் செல்ல முடியாவிட்டால் சிலர் முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழையை எடுத்துப் போவார்கள். நல்ல வழிதான். ஆனால் முந்தானை வேறு நிறத்தில் இருக்கும் புடவையில் அந்த இழை முந்தானையின் நிறத்தை மட்டுமே காட்டும், உடலின் நிறத்தைக் காட்டாது.

இரட்டை நிறப் பட்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மயில் கழுத்து நிறம் என்கிறோமே, அதில் பாவு (நீளவாட்டு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம். துணி அசையும்போது ஒரு சமயம் நீலமாகவும் ஒரு சமயம் பச்சையாகவும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிறத்தைப் பிடித்துத் துணி எடுத்தால் அது இரண்டோடும் சேராது. நீலமா பச்சையா என்று முடிவு செய்து, அந்த ஒன்றை அழுத்தமாக எடுங்கள்.

பொதுவாகவே ஏறக்குறைய ஒத்துப்போகிற நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, அதே துணியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு நிறம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்கிறவர்கள் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனி ஊடை ஓட்டி இணைக்கிறார்கள். அதில் வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் கரை நிறத்திலேயே இருக்கும். எந்த நிறம் சேரும் என்பதை நெசவாளர் யோசித்துக் கொடுத்திருக்கிறார். அதை ஓரம் கட்டிவிட்டு, எல்லாப் பட்டுக்கும் பொதுவாக ஒரே தங்க நிறப் பிளவுஸைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜரிகைகள் எல்லாம் ஒரே தங்கமல்ல. அம்மாவின் பழைய புடவை ஜரிகை அடங்கிய மஞ்சளாக இருக்கும். இன்றைய பளபளக்கும் டிஷ்யூ துணியை (ஜரிகை இழை கலந்து நெய்தது) அதன் பக்கத்தில் வைத்தால் நல்ல ஜரிகைதான் மங்கிப்போனது போலத் தெரியும்.

அப்புறம் துணியின் அளவு. புடவையோடு வரும் பிளவுஸ் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். குட்டைக் கைக்கும் சாதாரண உடல்வாகுக்கும் அது போதும். முழங்கை வரை கை வேண்டும் என்றாலோ உடம்பு சற்றுப் பூசினாற்போல இருந்தாலோ ஒரு மீட்டர் தேவைப்படும். இதைப் பார்க்காமல் மாடலை முடிவு செய்துவிட்டு, கடைசியில் அக்குளில் ஒட்டுப் போட்டுத் தைக்கச் சொல்வோம். நவராத்திரி கொலுவில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த ரவிக்கைத் துண்டுகளை எடுக்கும்போதும் முதலில் விரித்து அளந்துவிடுங்கள்.

புடவையிலிருந்து துணியை வெட்டும் முன்பு முழு நீளத்தையும் அளப்பது அவசியம். பிளவுஸ் துணியோடு சேர்த்து ஆறேகால் மீட்டர் அளவுக்கு இருந்தால் கவலையில்லை. மொத்தமே ஐந்தரைதான் என்றால் வெட்டாதீர்கள். வெட்டினால் கொசுவம் நாலுதான் வரும். உடலும் பிளவுஸும் ஒரே நிறத்தில் ஓடும் புடவைகளில் எல்லைக்கோடு தெரியாது. சித்தி எப்போதும் முந்தானை முனையிலிருந்து ஐந்தரை மீட்டர் அளந்து, சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார்.

கரையை யாரும் கவனிப்பதே இல்லை என்பது என் ஆதங்கம். எட்டு அங்குலக் கரையுள்ள துணியில் ஐந்து அங்குலக் கை தைத்தால் கரையில் மூன்று அங்குலம் போய்விடும். அதில் யாளியோ அன்னமோ இருந்தால் தலை மட்டும் துண்டிக்கப்படும். கரை அகலமென்றால் கையை நீட்டுங்கள். கை குட்டையாகத்தான் வேண்டும் என்றால் கரையின் ஓரத்திலுள்ள சின்னக் கட்டுக்கரையை மட்டும் கையில் வைக்கச் சொல்லுங்கள். புட்டாக்களில் மயிலோ யானையோ இருந்தால் எது மேல்பக்கம் என்று துணியில் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். முதுகில் யானை தலைகீழாக நிற்பதைக் கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறேன்.

கையின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மேல்கை எங்கே பருமனாக இருக்கிறதோ அங்கே கை முடியக் கூடாது. அதற்கு இரண்டு விரல் மேலேயோ கீழேயோ முடியட்டும். முழங்கைக் கை என்றால் மூட்டு மடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்திவிடுங்கள்.

லைனிங் கண்ணுக்குத் தெரியாது என்பதால் விலை குறைந்த பாலியஸ்டரைப் போட்டுவிடுவதும் உண்டு. சித்திரை, வைகாசி முகூர்த்தத்தில் பட்டுக்குள்ளே பாலியஸ்டர் இருந்தால் தாலி கட்டி முடிவதற்குள் முதுகெல்லாம் நனைந்துவிடும், வியர்வை பட்டில் வெள்ளையாகக் கோடு விடும். டூ பை டூ என்று கடையில் கேட்டால் கிடைக்கும் காட்டன் துணியைப் போடுங்கள். அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி ஆங்காங்கே உப்பிக்கொண்டு நிற்கும்.

பருத்திப் புடவைகளுக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். செட்டிநாட்டுக் கண்டாங்கியின் பெரிய கட்டங்களுக்கு மேலே அதே கட்டத்தில் பிளவுஸ் போட்டால் கண் நிற்க இடமில்லை. ஒரே நிறத் துணியோ மிகச் சிறிய கட்டமோ போதும். கலம்காரிப் பிளவுஸ் அழகுதான். ஆனால் வெளிர்நிறப் புடவையோடு போடும் முன்பு உப்புத் தண்ணீரில் தனியாக அலசிப் பாருங்கள். சாயம் விடுகிற துணி என்றால் வியர்வையில் நனைந்து புடவையின் தோள்பட்டையில் கறை இறங்கிவிடும்.

கழுத்து விஷயத்தில் தையல்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். அகலமும் வேண்டும் இறக்கமும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தோளில் பிடிமானமே இருக்காது. பட்டின் முந்தானை கனம் முழுவதும் இடது தோளில் பின் குத்திய இடத்தில் தொங்கும். பின் கழுத்து இறக்கமாக வேண்டும் என்றால் அகலத்தைக் குறையுங்கள், இரண்டு தோளையும் பிடிக்க ஒரு நாடா வையுங்கள்.

ஆரி வேலைக்கு, அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரிக்கு, பணம் கொடுக்கும் முன்பு கண்ணாடி முன்னே நின்று முந்தானை போட்டுப் பாருங்கள். இடது மார்பும் இடது தோளும் மூடியே இருக்கும். அங்கே செய்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை. அதோடு கல்லும் குந்தனும் முந்தானை ஜரிகையைக் கொக்கி போலப் பிடித்து இழுக்கும். வேலைப்பாட்டைக் கைகளிலும் பின் கழுத்திலும் வையுங்கள். கையின் உள்பக்கம், விலாவில் உரசும் இடத்தில் மணி வேண்டவே வேண்டாம். ஆரி வேலையை வெட்டாத துணியில் கோடு வரைந்து, சட்டத்தில் கட்டித்தான் செய்வார்கள். எனவே அளவு முதலில் உறுதியாக வேண்டும், பிறகு பிடிப்பது கஷ்டம்.

அளவு பிளவுஸ் கொடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூன்று வருடம் போட்டுத் தளர்ந்து, இரண்டு முறை பிரித்துப் பிடித்த பிளவுஸைக் கொடுத்தால் அதன் குறைகள் அத்தனையும் புதிதிலும் வரும். கடைசி ஆறு மாதத்தில் தைத்த, உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒன்றைக் கொடுங்கள். முடிந்தால் உடம்பிலும் அளவு எடுக்கச் சொல்லுங்கள். அன்று அணியப் போகும் உள்ளாடையோடு போய் நிற்க வேண்டும், அது மாறினால் மார்பளவே மாறிவிடும். பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். வளைகாப்புக்குத் தைக்கிறீர்கள் என்றால் இரண்டு அங்குலம் விடுங்கள், விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பு தையுங்கள், ஊக்கு முன்பக்கமே இருக்கட்டும். ஏழாம் மாதத்தில் முதுகுப்பக்க ஊக்கைப் போட்டுக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கைவாயும் சற்றுத் தளர்வாக இருக்கட்டும், அன்று எல்லோரும் வளையல் போட்டுவிடும்போது கையை நீட்டியபடியே வெகுநேரம் உட்கார வேண்டும்.

தைத்து வந்ததும் கண்ணாடியில் நேராக நின்று பார்த்துவிட்டுக் கழற்றிவிடாதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள், பூ வைத்துக்கொள்வது போல. கீழ்ப்பட்டி மேலே ஏறினால் கைக்குழி தப்பு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குனிந்து பாருங்கள், முன் கழுத்து விரிகிறதா என்று தெரிந்துவிடும். புடவையையும் ஒரு முறை கட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம், வளைகாப்புப் பிளவுஸைத் தவிர, விசேஷத்துக்குப் பத்து நாளாவது முன்பு பிளவுஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும், அப்போதுதான் பிரித்துத் தைக்கத் தையல்காரருக்கும் நேரம் இருக்கும்.