பேரரசா, வல்லரசா, ஏகாதிபத்தியமா: அமெரிக்கப் போர்களை விவாதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் அமெரிக்காவின் வெளியுறவுக் கொள்கையைப் பேசத் தொடங்கும்போதே சொல்லில் ஒரு சிக்கல் வந்துவிடுகிறது. 'பேரரசு' என்றதும் நமக்கு ராஜேந்திரனின் கப்பற்படை நினைவுக்கு வருகிறது. பெருமிதம் ஒட்டிக்கொண்ட சொல் அது. 'ஏகாதிபத்தியம்' என்றதும் சுவரெழுத்தும் கண்டன ஊர்வலமும் கண்முன் வரும். பின்னால் 'ஒழிக' வராமல் அந்தச் சொல் நிற்பதில்லை. 'வல்லரசு' என்றாலோ நாமும் ஒருநாள் ஆகவேண்டிய ஒன்று. ஒரே நாடு செய்த ஒரே காரியத்துக்கு இந்த மூன்றில் எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அதிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறோம். சாட்சிகளை அதற்கப்புறம்தான் தேடுகிறோம்.

அமெரிக்கா நடத்திய போர்களில் பெரும்பாலானவற்றை எதிர்ப்பவன் நான். அதனால்தான் எதிர்ப்பவர்களின் வாதத்தில் ஓட்டை விழும்போது எனக்கு வலிக்கிறது. நாம் சொன்ன ஒரு தகவல் தவறு என்று காட்டிவிட்டால் போதும், எதிரே இருப்பவர் செத்துப்போனவர்களையும் அதோடு சேர்த்து ஒதுக்கிவிடுவார். சொல்லைப் பற்றிய சண்டையை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த மண்ணின் மக்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்ததா? சொன்னபோது என்ன நடந்தது?

இந்தக் கேள்வியோடு போனால் முதலில் கண்ணில் படும் தவறு, கதையை நடுவிலிருந்து தொடங்குவது. மூத்தவர்களுக்கு அமெரிக்கப் போர் என்றால் வியட்நாம், இளையவர்களுக்கு இராக். அதற்கு முன்னால் அமெரிக்கா தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தது, காலனி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்ற எண்ணம் அதை ஆதரிப்பவர்களிடமும் இருக்கிறது, எதிர்ப்பவர்களிடமும் இருக்கிறது. 1898ஆம் ஆண்டை ஒருமுறை நிதானமாகப் படித்தால் அந்த எண்ணம் மிஞ்சாது.

அப்போது கியூபா ஸ்பெயினின் காலனி. அங்கே கிளர்ச்சியை அடக்க வந்த வெய்லர் என்ற ஸ்பானியத் தளபதி, கிராமத்து மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துக் காவலுக்குள் அடைத்தார். பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் கொதித்தன. 1898 பிப்ரவரி 15 அன்று ஹவானா துறைமுகத்தில் 'மெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்ததும் போர் வந்துவிட்டது. ஆனால் அந்தப் போரின் முதல் பெரிய சண்டை நடந்தது கியூபாவில் இல்லை. மே 1 அன்று பிலிப்பைன்ஸின் மணிலா வளைகுடாவில் நடந்தது. ஸ்பெயினை எதிர்த்து ஏற்கெனவே போராடி நாடு கடந்திருந்த பிலிப்பைன்ஸ் தலைவர் அகினால்டோ, அமெரிக்கக் கப்பலிலேயே ஊர் திரும்பினார். ஜூன் 12 அன்று விடுதலையை அறிவித்தார். டிசம்பரில் பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த அறைக்குள் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவருக்கும் இடமில்லை. 2 கோடி டாலருக்கு அந்தத் தீவுக்கூட்டம் கைமாறியது.

அவர்கள் 'வேண்டாம்' என்றார்கள். 1899 பிப்ரவரியில் சண்டை மூண்டது. அமெரிக்கப் படையில் 4,200 பேருக்கு மேல் இறந்தார்கள், பிலிப்பைன்ஸ் போராளிகள் 20,000 பேருக்கு மேல். வன்முறையிலும் பஞ்சத்திலும் நோயிலும் இறந்த பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகமே தரும் மதிப்பீடு. பட்டாங்காஸ் மாகாணத்தில் 1901 கடைசியிலும் 1902 தொடக்கத்திலும் அமெரிக்க ஜெனரல் பெல் மக்களைக் குறிப்பிட்ட எல்லைக்குள் குவித்து அடைத்தார். கியூபாவில் எதைக் கொடுமை என்று சொல்லிப் போருக்குக் கிளம்பினார்களோ, அதையே நான்கு ஆண்டுகளுக்குள் இங்கே செய்தார்கள். வாயில் தண்ணீரை ஊற்றி வதைத்ததைப் பற்றி 1902இல் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் சிப்பாய்களே சாட்சி சொன்னார்கள்.

இங்கேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. அப்போதே ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகம் ஒன்று பாஸ்டனில் தோன்றியது. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் அதில் துணைத் தலைவராக இருந்தார். எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரரான கார்னெகியும் அந்தப் பக்கம் நின்றார். இவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் தெற்குக் கரோலைனாவின் செனட்டர் டில்மனும் பிலிப்பைன்ஸை இணைப்பதை எதிர்த்தவர்தான். அவருடைய காரணம், வெள்ளையர் அல்லாத மக்களை அமெரிக்காவுக்குள் சேர்க்கக்கூடாது என்பது. போரை எதிர்ப்பவர் எல்லாரும் நம்மவர் என்று கை கோக்கும் முன், ஏன் எதிர்க்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் 'அந்த மக்களுக்காக நம் காசு எதற்கு' என்று சொல்லிப் போரை எதிர்க்கும் குரல் அமெரிக்காவில் உண்டு. அது வேறு குரல்.

1898இல் ஸ்பெயினிடமிருந்து கிடைத்தவை எல்லாம் கை விட்டுப் போய்விடவும் இல்லை. பிலிப்பைன்ஸ் 1946இல் விடுதலை பெற்றது; புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் இன்றும் அமெரிக்காவிடமே இருக்கின்றன. 'உள்நாட்டுப் பொருளில் அயல்நாடு' என்ற விநோத விளக்கம் 1901இல் புவேர்ட்டோ ரிக்கோவுக்காக உச்ச நீதிமன்றத்தில் எழுதப்பட்டது. அங்குள்ளவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் தீவில் வாழும்வரை அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. பேரரசு என்ற சொல் பொருந்துமா என்று வாதிடுபவர்கள் இந்தத் தீவிலிருந்து தொடங்கலாம்.

அடுத்தது 'எல்லாம் எண்ணெய்க்காக'. இந்த வாதத்தை நானே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். இராக்கில் 2009இல் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது மிகப் பெரிய வயலான ருமைலா, பிரிட்டனின் பிபி நிறுவனத்துக்கும் சீன அரசின் சிஎன்பிசிக்கும் போனது. அதுவும் எண்ணெயில் பங்கு கிடையாது, கூடுதலாக எடுக்கும் பீப்பாய்க்கு 2 டாலர் கூலி. மேற்கு குர்னா வயலின் இரண்டாம் பகுதி ரஷ்யாவின் லூக்காயில் தலைமையிலான கூட்டுக்குப் போனது. கொள்ளைதான் நோக்கம் என்றால் கொள்ளையடித்தவர் கணக்கு இப்படி முடியாது. எண்ணெய்க்குத் தொடர்பே இல்லை என்று சொல்வதும் அதே அளவு தவறு. பாரசீக வளைகுடாவை வெளிச்சக்தி எதுவும் கைப்பற்ற முயன்றால் படை கொண்டும் தடுப்போம் என்று 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் வெளிப்படையாக அறிவித்தார். வளைகுடா எண்ணெய் யார் பிடியில் இருக்கிறது, தடையில்லாமல் சந்தைக்கு வருகிறதா என்பது அன்றிலிருந்து வெளிப்படையான கொள்கை. இராக்கில் ஆட்சி மாற்றம் வேண்டும் என்ற சட்டத்தில் 1998இலேயே கிளிண்டன் கையெழுத்திட்டிருந்தார். அதற்குமேல் 2001 செப்டம்பரின் அச்சமும், மத்தியக் கிழக்கையே மாற்றி அமைக்கலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்தன. பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியதை ஒற்றைக் காரணமாகச் சுருக்கினால், அந்த ஒன்றை உடைத்ததும் வாதம் முழுவதும் விழுந்துவிடுகிறது.

ஈரானைப் பேசும்போது தவறு வேறு மாதிரி நடக்கிறது. 1953 ஆகஸ்டில் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் சிஐஏவின் பங்கை 2013இல் அதன் ஆவணங்களே ஒப்புக்கொண்டன. ஐயமில்லை. ஆனால் 'சிஐஏ கவிழ்த்தது' என்ற ஒற்றை வரியில் மூன்று செய்திகள் காணாமல் போகின்றன. அவரைக் கவிழ்க்க முதலில் உதவி கேட்டது பிரிட்டன். 1951இல் அதன் எண்ணெய் நிறுவனத்தைத்தான் ஈரான் நாட்டுடைமை ஆக்கியிருந்தது. அதிபர் ட்ரூமனின் ஆட்சி அந்தக் கோரிக்கைக்கு இணங்கவில்லை, ஐசன்ஹோவர் ஆட்சி இணங்கியது. தளபதி ஜாஹெதியும், மொசாதெக்கிடமிருந்து பிரிந்த மதத்தலைவர் காஷானியும் ஈரானியர்களே. உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கயிற்றில் ஆடிய பொம்மைகள் என்று சொன்னால் அது இன்னொரு வகையில் அந்த மக்களைச் சிறுமைப்படுத்துவதுதான். அதற்காக அமெரிக்காவின் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. மக்கள் வேண்டிய ஆட்சியை வெளியார் பணமும் சதியும் சாய்த்தன. அடுத்த ஆண்டே அமைந்த எண்ணெய்க் கூட்டமைப்பில் 40 சதவீதம் அமெரிக்க நிறுவனங்களுக்குப் போனது.

ட்ரூமனும் ஐசன்ஹோவரும் மாறுபட்டார்கள் என்றேன். 'அமெரிக்கா நினைத்தது', 'அமெரிக்கா சொன்னது' என்று ஒரு நாட்டை ஓர் ஆளாக்கிப் பேசும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை நடந்தபோது டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். நிக்சன் அரசு பாகிஸ்தான் ராணுவ ஆட்சியைக் காத்து நின்றது. ஏப்ரல் 6 அன்று அங்கிருந்த அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்திட்ட கண்டனத் தந்தி ஒன்று, பிளட்டின் ஆதரவுக் குறிப்போடு வாஷிங்டனுக்குப் போனது. தம் அரசு அறம் தவறிவிட்டது என்று அவர்கள் எழுதினார்கள். பிளட் அங்கிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். டிசம்பரில் அமெரிக்காவின் 'எண்டர்பிரைஸ்' போர்க்கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. அந்தக் கப்பலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தந்தியை மறந்துவிடுவது நியாயமில்லை.

போருக்குப் போவதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதிலும் இதே கவனம் தேவை. அரசியல் சட்டப்படி போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு. அது கடைசியாக முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில். கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், இராக் எதற்கும் போர் அறிவிப்பு கிடையாது. 1964 ஆகஸ்டில் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் மீது இரண்டாவது தாக்குதல் என்று சொல்லப்பட்டதை நம்பிக் கீழவை 416-0 என்றும், செனட் 88-2 என்றும் அதிபருக்கு அதிகாரம் கொடுத்தன. அப்படி ஒரு தாக்குதல் நடக்கவே இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் கொடுத்தபோது, கீழவையில் எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, உறுப்பினர் பார்பரா லீ போட்டது. 'அதிபர் ஒருவரின் பைத்தியக்காரத்தனம்' என்று முடித்துவிடுவது எளிது. கை தூக்கிய நூற்றுக்கணக்கானவர்களின் பொறுப்பு அதில் மறைந்துபோகிறது.

இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கையாளும்போது நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம், இது எனக்குப் பொறுக்காத ஒன்று. இராக்கில் செய்திகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, வன்முறையில் இறந்த பொதுமக்களை மட்டும் எண்ணியது ஒரு முறை. வீடு வீடாகப் போய்க் கேட்டு, போர் வராமல் இருந்தால் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று சொல்லத்தக்கவர்களைக் கணக்கிட்டது மற்றொரு முறை. 2006இல் வெளியான அப்படிப்பட்ட ஆய்வு ஒன்று ஏறத்தாழ 6,55,000 என்றது. பதிவு செய்யப்பட்ட கணக்கோ அதில் சிறு பகுதி. முதலாவது பதிவாகாத சாவுகளை விட்டுவிடும், இரண்டாவதில் பிழைக்கான இடைவெளி அதிகம். நமக்கு வேண்டிய பெரிய எண்ணை ஒருவரும், சிறிய எண்ணை மற்றவரும் எடுத்து வீசிக்கொண்டால் அந்தப் பிணங்கள் வெறும் கற்களாகிவிடுகின்றன. எந்த எண்ணைச் சொன்னாலும், அது எதை எண்ணியது என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

போரை ஆதரிப்பவர்களிடம் உள்ள பெரிய தவறு ஜெர்மனியையும் ஜப்பானையும் காட்டுவது. தோற்ற நாடுகளை அமெரிக்கா ஜனநாயகமாக்கியது, இராக்கில் ஏன் முடியாது என்றார்கள். ஜப்பானில் அமெரிக்கா, ஏற்கெனவே இருந்த அரசு நிர்வாகத்தின் வழியாகவே ஆட்சி செய்தது, பேரரசரைக்கூட விட்டுவைத்தது. இராக்கில் 2003 மே மாதமே சதாம் உசேனின் பாத் கட்சியினரை வேலையிலிருந்து நீக்கி, ராணுவத்தையும் கலைத்து, ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்களைத் தெருவில் விட்டது.

எதிர்ப்பவர்களிடம் உள்ளது அதற்கு நேர் எதிர்: அமெரிக்காவை எதிர்க்கும் எவரும் நல்லவர். ஹங்கேரிக்குள் 1956இலும் செக்கோஸ்லோவாகியாவுக்குள் 1968இலும் சோவியத் டாங்கிகள் புகுந்தபோதும், 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோதும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ராணுவத் தளங்கள். உலக வரைபடத்தில் அமெரிக்கத் தளங்களைச் சிவப்புப் புள்ளிகளாகப் போட்டு 'பாருங்கள், பேரரசு' என்று காட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். எல்லாப் புள்ளியும் ஒன்றில்லை. பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாத் தளத்தை நீட்டிக்கும் ஒப்பந்தத்தை 1991 செப்டம்பரில் அந்நாட்டு செனட் 12-11 என்ற வாக்கில் நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கா கப்பல்களைக் கிளப்பிக்கொண்டு போனது. 1899இல் அதே மக்கள் 'வேண்டாம்' என்றபோது கிடைத்த பதிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னர் தென்சீனக் கடலில் சீனா நெருக்கியபோது, 2014இல் பிலிப்பைன்ஸே மீண்டும் அமெரிக்கப் படைக்குக் கதவைத் திறந்தது. இது பேரம், கூட்டு. சமமில்லாத கூட்டுதான், என்றாலும் மறுக்க வழி உள்ள கூட்டு.

தியேகோ கார்சியாவில் அந்த வழி இருந்ததில்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவில், நமக்குத் தெற்கே இருக்கும் தீவு அது. மொரீஷியஸுக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1965இல் சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. அமெரிக்கத் தளத்துக்காக 1973க்குள் அங்கிருந்த மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். அவர்களின் நாய்களையும் கொன்றார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. 1991, 2001, 2003 போர்களுக்கு அங்கிருந்து குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. 2025 மே மாதம் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்க எழுதிய ஒப்பந்தத்திலும் தளத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை இருக்கிறது. மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம், தியேகோ கார்சியாவில் கூடாது.

2021 அக்டோபரில் அந்தத் தீவின் கரைக்கு ஒரு படகு வந்து சேர்ந்தது. குழந்தைகளோடு கிளம்பிய இலங்கைத் தமிழர்கள், கனடாவுக்குப் போகும் வழியில் படகு பழுதாகிக் காப்பாற்றப்பட்டவர்கள். மூன்று ஆண்டுகள் வேலியிட்ட கூடாரங்களில் இருந்தார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டப்படி சரியா என்று விசாரிக்க 2024 ஜூலையில் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் நீதிமன்றம் அங்கே கூட வேண்டியிருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா அனுமதியை விலக்கிக்கொண்டது, அமர்வு நின்றுபோனது. பிரிட்டனின் கொடி பறக்கும் மண்ணில், பிரிட்டனின் நீதிபதி இறங்குவதற்கு அமெரிக்காவின் சம்மதம் வேண்டியிருந்தது. செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று டிசம்பரில் தீர்ப்பு வந்தது.